மூவாயிரம் ரூபாய் டிஸ்டன்ஸ் ஸ்பைக்ஸ்: கரிசலுக்கும் சிந்தெடிக்குக்கும் தாங்குமா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் பாலக்காட்டுச் சித்தூரில் படித்து காலிக்கட் பல்கலைக்காகத் தடகளத்தில் ஓடுகிறார்கள். சிலர் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போய் பாரதியார் பல்கலைக்காக ஓடுகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் பெரிய மீட் (தடகளப் போட்டி) சிந்தெடிக்கில், அதாவது ரப்பர் மாதிரியான செயற்கை ஓடுதளத்தில் நடக்கும், தினசரிப் பயிற்சி ஊர் மண்ணில் நடக்கும். அதனால் அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூவான இந்த ஸ்பைக்ஸை இரண்டு தரையிலும் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இங்கே பேசுவது கோவைக் கடைகளில் மூவாயிரத்துக்குள் கிடைக்கும், ஆறு ஆணி கழற்றி மாட்டும் டிஸ்டன்ஸ் ஸ்பைக்ஸ் (நடுத்தர, நெடுந்தூர ஓட்டத்துக்கானது) பற்றி. இந்த விலையில் லேபிள் மாறினாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கம்பெனிப் பெயரை விட்டுவிடலாம்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1500 மீட்டர் ஓடுகிற பையனிடம் ஸ்பிரிண்ட் ஸ்பைக்ஸை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், கையால் பாருங்கள். குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போக வேண்டும். முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் கொஞ்சமாவது வளைய வேண்டும். பலகை மாதிரி விறைத்து நின்றால், முனையும் மேல்நோக்கித் தூக்கியிருந்தால், அது 100, 200 மீட்டருக்கானது. 1500-இன் மூன்றே முக்கால் சுற்றில் கெண்டைக்காலைப் பிடித்துவிடும்.

சைஸ் விஷயத்தில் மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். காலையைவிட அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் போதும். தினசரி ஷூவில் விடுவதுபோல ஒரு விரல் அகலம் இடம் விட்டால், வளைவில் பாதம் உள்ளுக்குள் வழுக்கி நகம் கறுத்துப்போகும். பெண்களுக்கென்று தனி அச்சு இந்த விலையில் அபூர்வம். குதிகால் குறுகலாக உள்ளவர்கள் கடைசி ஓட்டையையும் சேர்த்து லேஸ் கட்டினால்தான் நிற்கும். 2017-இல் புவனேஸ்வரத்திலும் 2019-இல் தோஹாவிலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய முண்டூர் பி.யு. சித்ராவின் பாலக்காடு மாவட்டம் இது. அங்கே ஒரு பெண்பிள்ளைக்கு அளவான ஸ்பைக்ஸ் வாங்க இத்தனை அலைய வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

இனி ஆணி. இந்த ஷூவின் பலமும் பலவீனமும் அதில்தான். சிந்தெடிக் பரப்பு பொதுவாக 13 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். விதிப்படி அதில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. நடுத்தர, நெடுந்தூர ஓட்டத்துக்கு 6 மில்லிமீட்டரே தாராளம். 9 போட்டால் ஒவ்வொரு அடியிலும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும், 5000 மீட்டரின் பன்னிரண்டரைச் சுற்றில் அந்தக் கூலி தெரியும். மண் தரைக்கு 9 சரி. ஆகவே இரண்டு செட் ஆணியும் சாவியும் சேர்த்து வாங்குங்கள். மைதானத்துக்கு மைதானம் அனுமதி நீளம் மாறும், மீட்டுக்கு முன்பே பி.டி. மாஷிடம் (உடற்பயிற்சி ஆசிரியரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கரிசல் மண். மழை பெய்த மறுநாள் அதில் ஸ்பைக்ஸ் போட்டு ஓடினால் ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே மண் அப்பி, ஆணி தரையைத் தொடாமல் ஷூவே கனத்துவிடும். அந்த மண் ஆணியைச் சுற்றி மரைக்குள் இறங்கிக் காய்ந்தால் சிமெண்ட் பூசியது போல இறுகும். ஒரு வாரம் கழித்துச் சாவி போட்டால் ஆணி கழலாது. பலத்தைக் காட்டித் திருகினால் பிளாஸ்டிக் தட்டுக்குள் பதித்த உலோக மரை தனியே சுற்ற ஆரம்பிக்கும். அதோடு அந்தக் குழி முடிந்தது, கடையிலும் சரிசெய்ய மாட்டார்கள். பலர் இதைத் தரக் குறைவு என்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் பராமரிப்புக் குறைவுதான்.

மண்ணில் ஓடிய அன்றைக்கே ஆறு ஆணியையும் கழற்றுங்கள். பழைய டூத் பிரஷால் குழியைத் தேய்த்து, துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஆணியின் மரையில் ஒரு பொட்டு வாசலின் தடவுங்கள். திரும்ப மாட்டும்போது முதல் இரண்டு சுற்றும் விரலால் மட்டுமே. சாய்வாக ஏறினால் விரலுக்கே தெரிந்துவிடும், சாவிக்குத் தெரியாது. அதன்பிறகு சாவியால் இறுக்குங்கள், அளவாக.

அடுத்த குறை ஒட்டு. அடித்தட்டு முனையில் வாய் பிளக்கிறது. ஜூன் மழையில் நனைந்ததை வெயிலில் வைத்துக் காய வைப்பதும், வண்டிப் பெட்டியில் பூட்டி வைப்பதும்தான் பெரும்பாலும் காரணம். சூட்டில் பசை இளகும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். மைதானத்துக்கு வெளியே சிமெண்டில் இதைப் போட்டு நடக்கவே கூடாது, ஆணி முனை மழுங்கிவிடும்.

கால் பழகுவதற்கு நாலு வாரம் கொடுங்கள். முதல் வாரம் லேசான ஓட்டத்துக்குப் பிறகு 60 மீட்டர் ஆறு தடவை. இரண்டாம் வாரம் 100 மீட்டர் எட்டு. மூன்றாம் வாரம் 1500 வேகத்தில் 400 மீட்டர் நாலு. நாலாம் வாரமும் கழிந்த பிறகுதான் பந்தயம். இதில் குதிகால் தாழ்வு என்பதால் குதிநரம்புக்கும் கெண்டைக்காலுக்கும் இழுவை அதிகம். வாங்கிய மறுநாளே மீட்டில் போட்டு ஓடினால், ஒரு பந்தயத்துக்காக சீசனையே இழக்க நேரிடும். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் எப்போதுமே வேண்டாம்.

முதல் வருஷம் 800 ஓடியவர் மூன்றாம் வருஷம் 5000-க்கு ஏறுவது கல்லூரியில் சகஜம். அத்தனை தூரத்துக்கும் இந்த ஒரு ஜோடி வருமா? 800-க்கு இன்னும் விறைப்பான தட்டு இருந்தால் நல்லது, ஆனாலும் சமாளிக்கலாம். 1500-க்கும் 5000-க்கும் அளவெடுத்ததுபோல இருக்கிறது. தடை தாண்டி ஓடும் ஸ்டீப்பிள்சேஸில் தண்ணீர்க் குழியில் இறங்கியதும் உள்ளட்டை நகரும், அதை முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள். 10,000-க்கு வேண்டாம். இந்தக் குதிகால் மெத்தை 25 சுற்றுக்குக் காணாது, கடைசியில் கெண்டைக்கால் இறுகி அடி குறுகிவிடும். அதற்குத் தட்டையான ரேஸிங் ஷூ பாருங்கள். ரோட்டில் போடும் அடி தடித்த, கார்பன் தகடு வைத்த ஷூவோடு டிராக்கில் இறங்க நினைப்பவர்கள் கவனிக்க: 2024 நவம்பர் 1 முதல் டிராக் போட்டிகளுக்கு ஷூவின் அடிப்பாகக் கனம் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

கையில் நல்ல தினசரி ஷூ இல்லாதவர் இந்தப் பணத்தை முதலில் அதற்குப் போடட்டும். ஓடுவதில் பெரும்பங்கு அதில்தான். அது இருக்கிறது, வாரம் ஒருமுறையாவது சிந்தெடிக் கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். பையில் உபரியாக நாலு ஆணி போட்டு வையுங்கள். பந்தயத்துக்கு முன் பெயர் கூப்பிட்டுச் சேர்க்கும் கால் ரூம் (call room) வரை போன பிறகு ஒரு ஆணி குறைகிறது என்று தெரிந்தால் அங்கே யாரிடமும் கிடைக்காது.