கறையும் அச்சடித்த கறைதான்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ ஆர்மேனியன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது அந்தப் படக்கடை. பெயர் வேண்டாம், மேலே படித்தால் காரணம் புரியும். பழைய காலத்து விலங்குப் படங்கள் மட்டும்தான் விற்கிறார்கள், அதிலும் சிங்கம் புலி எல்லாம் கிடையாது. அழுங்கு, தேவாங்கு, கொலுகோ, குதிரைலாட நண்டு என்று நம் வீட்டு ஹாலில் யாரும் மாட்டத் துணியாத ஜீவன்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

முன்சுவர் முழுக்க ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கெலின் ஜெல்லி மீன்களும் வௌவால்களும். 1899 முதல் 1904 வரை பத்துப் பத்தாக வெளிவந்த 100 படங்களில் சில. இவை நகல் என்று ஒழுங்காக எழுதி, 90 வெள்ளி (ரிங்கிட்) போட்டிருக்கிறார்கள். உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஆகவே நாம் கொடுப்பது தாளுக்கும் மைக்கும்தான். தாள் நல்ல தடிமன், வௌவால்களின் மூக்கு மடிப்புகள் வரை தெளிவாக விழுந்திருக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வம்பு வந்தது தாப்பிரால், பன்றி மாதிரி உடம்பும் குட்டித் தும்பிக்கையும் உள்ள காட்டு விலங்கு அது. பாதி கறுப்பு பாதி வெள்ளை, பார்த்ததும் மயங்கிவிட்டேன். "19ஆம் நூற்றாண்டு அசல் தாள்" என்று சீட்டு, 280 வெள்ளி. வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனால் அவளும் அதே கடையில் அதே தாப்பிரை வாங்கி வைத்திருக்கிறாள்! இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வலது மூலையில் பழுப்புக் கறை, இரண்டிலும். காதுக்கு மேலே கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி, அதுவும் இரண்டிலும். ஈரத்தில் தாளில் பிடிக்கும் கறை ஒவ்வொரு தாளிலும் தன் இஷ்டத்துக்குத்தானே வரும்?

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். அது ஃபார்குஹார் தொகுப்பில் உள்ள படம். 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்த அந்த ஆள் சீன ஓவியர்களைக் கொண்டு வரையவைத்த 477 ஓவியங்களில் ஒன்று. எல்லாம் கையால் தீட்டிய நீர்வண்ணம், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று, இருப்பது சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில். பிறகு பினாங்கு மாடியில் ஏது அசல் தாள்?

திரும்பப் போனேன். "அக்கா, படம் பழசுதானே" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் அசராமல். பணம் தர முடியாதாம், மாற்றிக்கொள்ளலாமாம். சரி என்று பின்னறைக்குப் போனால் அங்கேதான் புதையல்: பழைய ஜெர்மன் கலைக்களஞ்சியங்களிலிருந்து பிரித்த வண்ணக் கல்லச்சுத் தாள்கள் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு), தாள் 80 வெள்ளி. எந்தப் பாவி நல்ல புத்தகத்தைக் கிழித்தானோ. இந்த முறை பூதக்கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். இன்றைய அச்சு என்றால் நாலு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும், கல்லச்சில் மணல் தூவியது போல ஒழுங்கில்லாமல் கிடக்கும். இவை மணல்தான். செப்புத்தகட்டு அச்சு என்று சொல்லி விற்றால், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள்.

மூன்று தாள் எடுத்துக்கொண்டேன். சட்டம் அங்கே போடாதீர்கள், கண்ணாடியைத் தாளோடு ஒட்டி அடைக்கிறார்கள், நம் ஊர் ஈரத்துக்கு ஒரே வருஷத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மீதி 40 வெள்ளிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், ஜூலை வரை செல்லுமாம். பின்னறைப் பெட்டியில் இன்னும் பாதி பார்க்கவில்லை, போவேன். தங்கை தன் தாப்பிரை மாற்றமாட்டேன் என்கிறாள்.