டைகரின் வாலடி அரிசி: பூச்சி மாத்திரையா, நாட்டு மருந்தா?

கூடலூர் நண்பர் லேப் (லேப்ரடார்) நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார். "அண்ணா, வயித்துப் பூச்சிக்கு மாத்திரையே குடுத்தறலாமா, இல்ல இயற்கையா ஏதாவது இருக்கா? கெமிக்கல்னு நினைச்சாலே பயமா இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். மாத்திரை குடுங்க என்று ரெண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் எங்கள் நாய் டைகரின் வாலடியில் மறுபடியும் அரிசியை, அதாவது அரிசி மாதிரி இருக்கும் நாடாப் புழுத் துண்டைப் பார்த்திருந்தேன். அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளம்.

டைகர் நாட்டு நாய். கோத்தகிரிக்குக் கீழே எங்கள் சின்னத் தேயிலைத் தோட்டத்தில் வளர்கிறான். பக்கத்து வீட்டு எருமைக் கொட்டகை, விறகுக் கொட்டாய், பெருச்சாளிப் பொந்து என்று மூக்கை நுழைக்காத இடம் கிடையாது. அவன் குட்டியாக வந்ததிலிருந்தே வீட்டில் ரெண்டு கட்சி. நான் மாத்திரைக் கட்சி, அத்தை வேப்பிலைக் கட்சி. ரெண்டு கட்சிக்கும் இத்தனை வருஷமாக வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

மாத்திரையில் என்ன இருக்கிறது என்பது நாய் வளர்க்கிற எல்லோருக்கும் மனப்பாடம். பிரசிகுவான்டல், பைரன்டல், ஃபெபன்டல் மூன்றும் சேர்ந்தது, 10 கிலோவுக்கு ஒன்று. உருண்டைப் புழு, கொக்கிப் புழு, சாட்டைப் புழு, நாடாப் புழு நாலுக்கும் கேட்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டைகர் குட்டியாக இருந்தபோது தொப்பை மட்டும் பானையாக இருந்தது. டாக்டர் கொடுத்த சிரப் உள்ளே போன மறுநாளே வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு வந்து விழுந்தன. அந்த வாரமே தொப்பை இறங்கிற்று, முடியில் பளபளப்பு வந்தது.

வளர்ந்த பிறகு 25 கிலோ. கணக்குப்படி ரெண்டரை மாத்திரை. அந்த அரைதான் சனியன். முழு மாத்திரையைக் கருவாட்டுத் துண்டுக்குள் செருகினால் மெல்லாமல் முழுங்கிவிடுவான். உடைத்த பக்கம் நாக்கில் பட்டால் போச்சு. பிரசிகுவான்டல் அப்படியொரு கசப்பு. வாயெல்லாம் நுரை தள்ளி, தலையை உதறி, சுவரெல்லாம் எச்சில். அதன்பிறகு கொஞ்ச நாளைக்கு நான் நீட்டும் எதையும் மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அரிசிதான். வாலைத் தூக்கினால் முடியில் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு இருக்கும். அப்போதுதான் வெளியே வந்ததென்றால் உயிரோடு நெளியும். நக நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நீளும், சுருங்கும், நகத்தை விட்டு நகரப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் காய்ந்து, மஞ்சளாகி, தட்டினால் உதிரும். அது முழுப் புழு இல்லை, உள்ளே இருக்கும் நாடாப் புழுவிலிருந்து கழன்று வந்த ஒரு கணு. அதற்குள் முட்டைகள் பொதி பொதியாக அடைந்திருக்கும்.

மாத்திரை கொடுத்தால் சுத்தமாக நின்றுவிடும். மூன்றே வாரம், திரும்ப அரிசி. மறுபடி மாத்திரை, மறுபடி சுத்தம், மறுபடி அரிசி. "பாத்தியா, உன் மாத்திரை வேலை செய்யல" என்பார் அத்தை. மாத்திரை கொடுத்தால் புழு வெளியே வந்து விழவில்லையே என்பதும் அவர் வாதம். பிரசிகுவான்டல் பட்ட நாடாப் புழு தோல் சிதைந்து குடலுக்குள்ளேயே செரித்துப் போய்விடும், அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதை அவருக்கு விளக்கி நான் ஜெயித்ததே இல்லை. மலத்தைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனால் "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். அது அவர்கள் தப்பில்லை. இந்த வகை நாடாப் புழு முட்டையைப் பரவலாகக் கலக்கவிடாமல் கணுவோடு சேர்த்தே வெளியே அனுப்புவதால், முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனையில் பெரும்பாலும் சிக்காது. சீட்டில் ஒன்றுமில்லை, வாலடியில் அரிசி நெளிகிறது. எரிச்சல் வருமா வராதா?

இனி அத்தை கட்சி. வேப்பங்கொழுந்தை மஞ்சளோடு அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தார். டைகர் மூன்றாம் நாள் உருண்டையைக் கண்டதும் தேயிலைக்குள் ஓடிவிட்டான். அரிசி அசையவில்லை. பூசணி விதைப் பொடி கொடுத்தோம், ருசித்துச் சாப்பிட்டான், அதுதான் பலன். பூசணி விதைக்குப் புழுவை அசைக்கும் குணம் கொஞ்சம் உண்டு என்பது உண்மை. ஆனால் 25 கிலோ நாய்க்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதற்கு யாரிடமும் அளவு இல்லை. "நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவே இல்லை" என்று ஆன்லைனில் ஒரு பொடி டப்பா வந்தது. பக்கவிளைவு இல்லை என்பது நிஜம். விளைவே இல்லாதபோது பக்கவிளைவு எங்கிருந்து வரும்? அதன் விலைக்கு ஒரு வருஷத்து மாத்திரை வாங்கியிருக்கலாம்.

பக்கத்துத் தோட்டக்காரர் பூண்டு கொடுக்கச் சொன்னார். மலைப் பூண்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம்: நாய்க்குப் பூண்டு ஆகாது. வெங்காயமும் ஆகாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை உண்டாக்கும். புழுவைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்தால் நாய்க்குத்தான் முதலில் ஆபத்து.

இயற்கை மருந்தெல்லாம் சும்மா என்று சொல்லிவிடவும் முடியாது. எங்கள் ரோட்டோரத்தில் களையாக மண்டிக் கிடக்கும் மாசிபத்திரி, தாவரவியல் பெயரிலேயே நீலகிரியைச் சுமக்கிற செடி, அதன் இனத்துச் செடி ஒன்றிலிருந்து எடுத்த சான்டோனினைத்தான் மனிதர்களுக்கே ரொம்ப காலம் பூச்சி மருந்தாகக் கொடுத்தார்கள். கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிய ஆரம்பிக்கும் அளவுக்கு அதில் நஞ்சு இருந்ததால் பிற்பாடு கைவிட்டார்கள். மேட்டுப்பாளையம் பாக்குத் தோப்பைத் தாண்டித்தானே நாம் எல்லோரும் மலை ஏறுகிறோம், அந்தப் பாக்கில் இருக்கும் அரிகோலின் நாடாப் புழுவை மயக்கி, நாய்க்கு வயிற்றோட்டம் உண்டாக்கி வெளியே தள்ளும். நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை நாய்களுக்கு அதைச் சட்டம் போட்டே கொடுத்தார்கள். எச்சில் ஒழுக, வாந்தி எடுத்து, துவண்டு போகும் நாய்களைப் பார்த்தவர்கள் பிரசிகுவான்டல் வந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். வேலை செய்கிற இயற்கை மருந்து முரட்டு மருந்தாகவே இருந்திருக்கிறது. கெமிக்கல் பயத்துக்கும் ஒரு வார்த்தை: ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து பிறந்ததே ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து, அதற்கு 2015ல் நோபலும் கொடுத்தார்கள். அதற்காக மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் மிச்சத்தை நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அது நடக்கிறது. கோலி மாதிரி சில நாய் இனங்களுக்கு அது மூளைக்கு ஏறி உயிரையே எடுக்கும். நாடாப் புழுவுக்கோ அது கேட்கவே கேட்காது.

சரி, அரிசிக்கு வருவோம். குற்றவாளி தெள்ளுப்பூச்சி. உதிர்ந்த கணுவிலிருந்து வரும் முட்டையைத் தெள்ளின் குஞ்சுப்புழு தின்கிறது, அது வளர்ந்து தெள்ளாகி நாய் மேல் ஏறுகிறது, அரிக்கிற இடத்தை நாய் கடிக்கும்போது தெள்ளோடு நாடாப் புழுவும் வயிற்றுக்குள் போய்விடுகிறது. மாத்திரை அன்றைக்கு உள்ளே இருப்பதைக் கொல்லும், அவ்வளவுதான். மறுநாள் முழுங்கும் தெள்ளுக்கு அதனிடம் பதில் கிடையாது. டைகர் படுப்பது அடுப்படிக்கு வெளியே பலகைத் தரையில், பழைய டீ சாக்கில். பலகை இடுக்கில் தெள்ளின் கூட்டுப்புழு மாதக் கணக்கில் காத்துக் கிடக்கும். சாக்கை வெந்நீரில் முக்கி வெயிலில் போடு என்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரியில் எந்த வெயிலில் போடுவது? மூன்று நாள் தொங்கவிட்டாலும் சாக்கு சொட்டிக்கொண்டே இருக்கும். யூகலிப்டஸ் தைலம் தடவச் சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள். நக்கினால் நாய்க்கு விஷம்.

கடைசியில் அரிசியை ஒழுங்காக நிறுத்தியது மூன்று மாதம் தாங்கும் தெள்ளு மாத்திரை. அதுவும் கெமிக்கல்தான். விலை நெஞ்சைப் பிடிக்கும். போன தடவை அந்த விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன், அரிசி ஆஜர். ஒரு புழுவை ஒழிக்க ரெண்டு மாத்திரை வாங்க வேண்டும் என்று எந்த அட்டைப் பெட்டியாவது கொட்டை எழுத்தில் சொல்கிறதா?

ஆக, பூச்சி மாத்திரைக்கு என் மார்க் பத்துக்கு நாலு. கசப்புக்கு ரெண்டு போச்சு, மிச்சம் என் கோபத்துக்குப் போச்சு. நண்பரே, நீங்கள் அதைத்தான் வாங்க வேண்டும். குட்டிக்குத் தாயின் வயிற்றிலேயே உருண்டைப் புழு ஏறியிருக்கும். தாயின் சதைக்குள் தூங்கும் புழுக்குஞ்சுகள் சினைக்காலத்தில் விழித்துக் குட்டிக்குப் போகின்றன. அதனால்தான் ரெண்டு வார வயதிலேயே சிரப்பை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். முதலில் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதம், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. இதில் வேப்பிலை விளையாட்டு வேண்டாம். உருண்டைப் புழு முட்டை நம் மலையின் குளிர்ந்த ஈர மண்ணில் வருஷக் கணக்கில் சாகாமல் கிடக்கும். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள் அந்த மண்ணில்தான் விளையாடுகிறார்கள். வாய்க்குள் போனால் ஈரலுக்கும் போகும், கண்ணுக்கும் போகும். புதிதாக விழுந்த மலத்தில் இருக்கும் முட்டை தொற்றும் நிலைக்கு வர ரெண்டு வாரமாவது ஆகும் என்பதால், அன்றன்றைக்கு அள்ளிப் புதைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

எடை பார்க்கும்போது குட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்களும் மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கண்மதிப்பு வேண்டாம். லேப் எப்படியும் 25ஐத் தாண்டி வளரும். முடிந்தால் சரியாக 30ல் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், அரை மாத்திரை உடைக்கிற வேலை மிச்சம்.