ஒரே பெடல், மூன்று இடம்: பாஸ் ஜிடி-1 பயன்பாட்டு அனுபவம்

பாஸ் ஜிடி-1 மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் (கிட்டார் சத்தத்தில் பல எஃபெக்ட்களைச் சேர்க்கும், காலால் இயக்கும் பெட்டி) சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. 2016இல் வந்த மாடல். அதில் என்னென்ன எஃபெக்ட் உண்டு என்று காட்ட வீடியோக்கள் ஏராளம், அதை விடுவோம். ஆம்போடு, அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கியோடு, அதைச் சேர்ப்பதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. குமரி மாவட்டத்தில் எங்கள் முட்டம் பக்கம் கிட்டார் வாசிப்பவனுக்கு 'என் ஆம்ப்' என்று ஒன்று நிலையாக அமைவதில்லை. வீட்டில் சின்ன பிராக்டிஸ் ஆம்ப். கோவில் (சர்ச்) பாடல் குழுவில் பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப். திருவிழா மேடையிலோ ஆம்பே கிடையாது, நேராக மைக்செட் மிக்சர்தான்.

வீட்டு ஆம்பில் முன்பக்க இன்புட் மட்டும்தான் இருக்கிறது. கிட்டார் பெடலுக்குள் போகும், பெடலின் எல்/மோனோ அவுட்டிலிருந்து ஒரு கேபிள் ஆம்புக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் பெடலுக்குள் ஒரு ப்ரீஆம்ப் (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கி டோன் கொடுக்கும் பகுதி) மாடல் ஓடுகிறது, ஆம்பிலும் ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் சத்தம் மொத்தையாகிவிடும், கோர்டில் எந்த நோட்டும் பிரிந்து கேட்காது. நான் ஆம்பை கிளீன் சேனலில் வைத்து, கெயினைக் குறைத்து, டோன் குமிழ்களை நடுவில் நிறுத்திவிடுவேன். ஆம்பின் சொந்தச் சத்தம் பிடித்திருந்தால் பெடலில் ப்ரீஆம்பை அணைத்துவிட்டு டிலே, ரிவெர்ப், கோரஸ் போன்ற எஃபெக்ட் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

கோவில் ஆம்பின் பின்பக்கம் சென்ட், ரிட்டன் ஜாக் உண்டு. சிக்னலை நடுவழியில் வெளியே எடுக்க ஒன்று, திரும்பக் கொடுக்க ஒன்று. பெடலை ரிட்டனில் சொருகினால் ஆம்பின் ப்ரீஆம்பைத் தாண்டி நேரே ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்குப் போய்விடுகிறது. பெடலில் அமைத்த டோன் கலப்படமில்லாமல் வரும். ஜிடி-1ஐ முழுமையாகக் கேட்டது இப்படி இணைத்தபோதுதான் என்பேன். ஒரு எச்சரிக்கை: சில ஆம்பில் ரிட்டனுக்குப் பிறகு வால்யூம் கட்டுப்பாடே இருக்காது. பெடலின் லெவலை முதலில் அடியோடு இறக்கிவிட்டு மெல்ல ஏற்றுங்கள். இல்லையென்றால் முன்வரிசைப் பாட்டிமார் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி மேடை. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்சுக்கு மேல் உள்ள கூர்மையைத் தானே பெரும்பாலும் வெட்டிவிடும். டிஸ்டார்ஷன் காதுக்கு இதமாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மைக்செட் பாக்ஸில் ட்வீட்டர் (கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருப்பதால் அந்தக் கூர்மை முழுவதும் வெளியே வரும். ஆம்புக்கென்று அமைத்த பேட்ச்சை (பெடலில் சேமித்த டோன் அமைப்பை) அப்படியே மிக்சரில் கொடுத்தால், "என்ன மக்கா, கிட்டாரு வண்டு மாதிரி இரையுது?" என்று மைக்செட் அண்ணன் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதற்குத்தான் மெனுவில் அவுட்புட் செலக்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஜேசி-120 (ஒரு ஆம்ப் மாடல்), ஸ்மால் ஆம்ப், காம்போ ஆம்ப், ஸ்டாக் ஆம்ப், அப்புறம் ரிட்டனில் சொருகுவதற்கெனத் தனித் தேர்வுகள், கடைசியில் லைன்/ஃபோன்ஸ். கிட்டார் ஸ்பீக்கரைப் போலவே கூர்மையை வெட்டும் ஸ்பீக்கர் சிமுலேஷன் வேலை செய்வது லைன்/ஃபோன்ஸில்தான். மிக்சருக்கும் ஹெட்ஃபோனுக்கும் அது. எந்த ஆம்பில் சொருகினாலும் அதிலிருந்து மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதாகக் கேட்கும். பெடல் சரியில்லை என்று விற்க நினைப்பவர்கள் முதலில் இந்த ஒரு அமைப்பைப் பார்த்துவிட்டால், பாதிப் பேர் விற்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

மிக்சர் தூரத்தில் இருந்தால் நடுவே டிஐ பாக்ஸ் (சிக்னலை பேலன்ஸ்டு ஆக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) கேளுங்கள். பெடலின் அவுட் பேலன்ஸ்டு அல்ல, நீளக் கேபிளில் இரைச்சல் பிடிக்கும். டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் இணைப்பைத் துண்டிக்கும்) சுவிட்ச் இருந்தால், ஜெனரேட்டர் ஓடும் மேடைகளில் வரும் 'ம்ம்ம்' இரைச்சல் பல நேரம் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டலாம். நான்கு டபுள் ஏ செல் போதும், ரீசார்ஜ் செல்லும் ஏற்கும். டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸில் நான் அடாப்டரைக் கையில் எடுப்பதே இல்லை.

அடாப்டர் என்றதும் ஒன்று. இது 9 வோல்ட், நடுப் பின் மைனஸ். பாடல் குழுக்களில் கிடக்கும் கீபோர்டு அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுப் பின் பிளஸ். பின் ஒன்றுபோலத் தெரியும், உள்ளேயும் போகும். அவசரத்தில் அதைத் தூக்கிச் சொருகினால் பெடல் போனது போனதுதான். நான் என்னுடையதில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

கடற்காற்றுக்குப் பெடல் இதுவரை தாக்குப்பிடிக்கிறது, கேபிள்கள்தான் பாவம். உப்பும் ஈரமும் சேர்ந்து பிளக் கறுத்துப்போகும், தொட்டால் கரகரக்கும். இரண்டு மழைக்காலமும் நம் மாவட்டத்துக்கு உண்டு என்பதால், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடி வைக்கிறேன். கிட்டாரிலிருந்து பெடலுக்குப் போகும் கேபிளைச் சிறியதாக வைத்தால் ட்ரெபிள் குறையாது. பெடலுக்குப் பிந்தைய கேபிள் நீளமாக இருந்தாலும் ட்ரெபிளுக்கு அவ்வளவு பாதிப்பில்லை.

ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனை நடுவில் வைத்து, வா பெடலை ('வா வா' என்று ஒலிக்கவைக்கும் எஃபெக்ட்) அதற்கு முன்னும் டிலேயைப் பின்னும் போட விரும்புபவர்களுக்கு ஜிடி-1 ஒத்துவராது. இப்படி இணைக்கும் நான்கு கேபிள் முறைக்குப் பெடலிலேயே சென்ட், ரிட்டன் ஜாக் வேண்டும், இதில் அது கிடையாது. அதே கம்பெனியின் எம்இ-90இல் உண்டு. ஆனால் அது பெரிய பெட்டி. பைக்கில் கிட்டாரோடு சேர்த்துக் கொண்டுபோகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.