வலது கண்ணில் பிளெப், இடது கண்ணில் டியூப்

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். வலது கண்ணில் டிராபெகுலெக்டமி. சில வருடம் கழித்து இடது கண்ணில் டியூப். இரண்டுமே கண்ணுக்குள் ஊறும் நீரை வடித்து அழுத்தத்தை இறக்கும் ஆபரேஷன்கள். இரண்டில் எது தேவலை என்று யாராவது கேட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு அலைய வீட்டில் ஆள் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

டிராபெகுலெக்டமி 1968-ல் கெய்ர்ன்ஸ் என்ற டாக்டர் விவரித்த முறை. வெள்ளை விழியில் சின்னதாக ஒரு கதவு வெட்டித் தளர்வாகத் தைக்கிறார்கள். உள்ளே ஊறும் நீர் அதன் வழியே கசிந்து மேல் இமைக்கு அடியில் கொப்புளமாகத் தேங்கும், அதுதான் பிளெப். முதல் மாதம் முழுக்க இந்தக் கசிவோடுதான் போராட்டம். அழுத்தம் ஏறினால் லேசரால் ஒரு தையலை வெட்டிவிடலாம். பிளெப் தழும்பு கட்டினால் ஊசியால் கீறிவிடலாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் எங்களைப் பயமுறுத்தியது. ஆறாம் நாள் அம்மாவுக்குக் கண் அழுத்தம் 4. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டும். டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயத்தாளைக் கண்ணில் தொட்டு நீல விளக்கைப் போட்டார். பச்சையாக மின்னிய சாயத்துக்கு நடுவே பிளெப்பின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடாக நீர் வழிந்தது. பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ், அட்ரோபின் சொட்டு, குனியாமல் இருக்கச் சொல்லி ஓய்வு. நல்லவேளை, மறுபடி தைக்காமலே அடைத்துக்கொண்டது.

டியூப்பின் கதை நேர்மாறு. மெல்லிய குழாய் கண்ணுக்குள் இருக்கும் நீரை வெள்ளை விழிமேல் வைத்த ஒரு சின்னத் தட்டுக்குக் கொண்டுபோகும். இடது கண்ணில் வைத்தது மதுரை ஆரோலேப் தயாரிக்கும் ஆடி (AADI) என்ற டியூப். பேர்வெல்ட் என்ற வெளிநாட்டு டியூப் போலவே இதிலும் நீரை அளவாக விடும் வால்வு கிடையாது. திறந்து விட்டால் நீர் மொத்தமும் ஓடிவிடும் என்பதால் குழாயை நூலால் கட்டிவிடுவார்கள். அதற்குள் தட்டைச் சுற்றி உறை வளரும். ஐந்தாறு வாரத்தில் நூல் தானே கரையும். அதுவரை பழைய சொட்டு மருந்துகள் தொடரும். "ஆபரேஷன் பண்ணியும் எதுக்கு இந்தச் சொட்டு?" என்று அம்மா தினம் கேட்டார். நூல் விட்டதும் அழுத்தம் சட்டென்று சரியும். அந்த வாரம் பார்வை மங்கினால் தாமதிக்கக் கூடாது. வால்வோடு வரும் அகமது என்ற இன்னொரு வகை டியூப்பில் இந்தக் காத்திருப்பு இல்லை, முதல் நாளே வேலை செய்யும். ஆனால் சில வாரங்களில் உறை தடித்து அழுத்தம் ஏறும் ஒரு கட்டம் பலருக்கு வரும். உடனே சொட்டைத் தொடங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும்.

டியூப்பையும் டிராபெகுலெக்டமியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த டிவிடி (TVT, Tube Versus Trabeculectomy) ஆய்வில், ஏற்கனவே புரையோ டிராபெகுலெக்டமியோ செய்த கண்களில் ஐந்து ஆண்டு முடிவில் டியூப் சுமார் 30 சதவீதமும் டிராபெகுலெக்டமி 47 சதவீதமும் தோற்றன. ஆரம்பச் சிக்கலும் டியூப்பில்தான் குறைவு: 21-க்கு எதிரே 37 சதவீதம். ஆபரேஷனே பார்க்காத கண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே குறைந்த சொட்டு மருந்தோடு அழுத்தத்தை நன்றாக இறக்குவது டிராபெகுலெக்டமிதான். என் கணக்கும் அதுதான்: நரம்பு ரொம்பப் போய், அழுத்தம் பத்துப் பக்கம் வந்தாக வேண்டுமென்றால் பிளெப். தழும்பேறிய கண், அடிக்கடி வர முடியாத ஊர் என்றால் டியூப்.

பின்னாளில் வரும் சிக்கல்களும் வேறு வேறு. பிளெப்புக்கு ஆயுள் முழுக்கக் கிருமி பயம். கண் சிவந்து, வலித்து, பூளை தள்ளி, பார்வை மங்கினால் ராத்திரி என்றும் பாராமல் ஓட வேண்டும். கண்ணைக் கசக்கவே கூடாது. டியூப்பில் கருவிழி மெல்லக் கெடலாம், சிலருக்கு இரட்டையாகத் தெரியலாம். மேலே போர்த்திய ஒட்டு தேய்ந்து குழாய் வெளியே தெரிந்தால் அதுவும் கிருமிக்குத் திறந்த வாசல். மறுபடி ஒட்டுப் போட வேண்டும்.

வலது கண் லேசாகச் சிவந்தாலே அம்மா கண்ணாடி முன்னால் போய் நின்றுவிடுவார். இடது கண் சிவந்தால் மட்டும் "தூசிடா" என்கிறார். எங்கள் சண்டை அங்கேதான்.