மதுரைத் திட்டத்தில் சிறுகதை வாசிப்பு

1998-இல் தொடங்கிய இந்த இலவச மின்னூலகம் காலனியாட்சிக் காலக் கதைகளுக்கு நல்ல வாசல். 2002-இல் நாட்டுடைமையான புதுமைப்பித்தன் எழுத்துகளை இங்கே தாராளமாகப் படிக்கலாம். தொடங்க 'பொன்னகரம்': இரண்டே பக்கம், அடி பலமாக விழும். பிறகு 'துன்பக் கேணி'; நீளம், இலங்கைத் தோட்டக் கூலிகளின் கதை, அவசரமாகப் படித்தால் வீண்.

பழைய கோப்புகள் 'டிஸ்கி' என்ற யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறிமுறையில் இருந்தால் எழுத்துரு இல்லாத கருவியில் குப்பையாகத் தெரியும்; யூனிகோடு அல்லது பிடிஎஃப் வடிவத்தை எடுங்கள். தட்டச்சு தன்னார்வலர்களுடையது, எனவே ஒற்றுப்பிழை இருக்கலாம். மேற்கோள் காட்டுமுன் அச்சுப் பதிப்போடு ஒப்பிடுவது அவசியம். பாடபேதம் (பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்கள்), முதல் வெளியீட்டு விவரம் தேடுவோருக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி ஒப்பிட்டுத் திருத்திய, காலச்சுவடு பதிப்பகத்தின் செம்பதிப்புதான் சரி.

சமகாலக் கதைகளை இங்கே தேட வேண்டாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. காசு கொடுத்து வாங்குங்கள்.