காற்றாலையா, தண்ணீர் ரியாக்டரா?

குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டும் கணினி விளையாட்டான ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் பம்ப் ஓட்ட எதைக் கட்டலாம்? காற்றாலையா, அல்லது ஒரு பம்பும் நீர்ச்சக்கரமும் ஒன்றையொன்று ஓட்டும் தண்ணீர் ரியாக்டரா?

சக்தி: காற்றாலை 20 அல்லது 40 தரும், காற்றில்லாத இடத்தில் ஒன்றுமில்லை. ரியாக்டரின் நீர்ச்சக்கரம் 100 தரும். சக்கரத்துக்கும் பம்புக்கும் தலா 10 போக, 80 மிச்சம். பம்ப் இறைக்கும் தண்ணீரே சக்கரத்தைச் சுற்றி, அதே பம்பை ஓட்டுகிறது. இயற்பியல் வாத்தியார் பார்த்தால் அழுதுவிடுவார்!

கட்டுவது: காற்றாலைக்கு வெட்டவெளி போதும். ரியாக்டரை முதலில் ஒரு குள்ளன் கையால் இறைத்துக் கிளப்ப வேண்டும்.

தொல்லை: வெளியே நிற்கும் காற்றாலையை ட்ரோல்கள் உடைக்கும். ரியாக்டர் பூமிக்கடியில் பத்திரம், ஆனால் ஓயாத நீரோட்டம் எஃப்பிஎஸ்ஸை (விளையாட்டு ஓடும் வேகத்தை) தின்னும். நான் ரியாக்டர் சுவரில் ஒரு கட்டம் கட்டாமல் விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தையே மூழ்கடித்தேன்.

ஒரே ஒரு பம்ப் என்றால் காற்றாலை. மாக்மாவை, அதாவது உருகிய பாறைக் குழம்பை, பல பம்புகளால் பல தளம் ஏற்ற ரியாக்டர்தான்.