பத்தமடைக் கோரைப்பாய்: மதியம் அரை மணி நேரம் முதுகை நீட்ட

காலையிலிருந்து மிஷினில் குனிந்து உட்கார்ந்தால் மதியம் இரண்டு மணிக்கு இடுப்பு என்ன பாடுபடும் என்று தையல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஃபால்ஸ், ஓவர்லாக் எல்லாம் உண்டு. ஆவணியும் தையும் வந்துவிட்டால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓட்டம்தான். இதற்கு நடுவில் கொஞ்சம் படுத்து எழுந்திருக்க ஒரு பத்தமடைக் கோரைப்பாய் வாங்கினேன். நீங்களும் தாராளமாக வாங்கலாம். ரகம் மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

பத்தமடை எங்களுக்குப் பக்கம். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். எலிசபெத் ராணி 1953இல் முடிசூடியபோது இந்த ஊர்ப் பாய் லண்டனுக்குப் போனதாக இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பாய் வேறு ரகம், பட்டுப்பாய் என்பார்கள். கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, மெல்லிசாகக் கீறி நெய்வது. கையில் எடுத்தால் துணி மாதிரி மடியும். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு வாங்குவதும் அந்த ரகத்தில்தான். தினமும் விரித்துச் சுருட்ட அது வேண்டாம். அந்த வேலைப்பாட்டைத் தரையில் போட்டுத் தேய்க்க எனக்கு மனசு வராது.

நான் வாங்கியது நடுத்தர ரகம். மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு. ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதைவிட மலிவாக வேண்டும் என்றால் முசிறி, கரூர் பக்கத்து விசைத்தறிப் பாய் கிடைக்கிறது. விசேஷ வீட்டில் பத்துப் பேர் படுக்க அது போதும். ஆனால் நெசவு தெரிந்த கண்ணுக்கு வித்தியாசம் உடனே தெரியும். பத்தமடையில் தறி தரையோடு தரையாகக் கிடக்கிறது. பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைக்கு, பருத்தி நூல். நான் போன வீட்டில் ஒரு அம்மா நீளக் குச்சியின் நுனியில் கோரையை மாட்டி, பாவுக்குள் நுழைத்து, மறுபக்கம் இழுத்து, ஓர நூலைச் சுற்றி மடக்கிவிட்டு, கோரையை நெருக்கும் அச்சுக் கட்டையை இழுத்து ஓங்கி அடித்தார். ஒவ்வொரு கோரைக்கும் இதே வேலை. அப்படி இறுகின பாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் சந்து தெரியாது. பணம் கொடுக்கும்போது, "வெயில்ல போட்டு முறுமுறுன்னு ஆக்கிராதீங்கம்மா, நிழல்லயே காயட்டும்" என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்.

சரி, இனி படுக்கிற கதைக்கு வருகிறேன். மதியம் கட்டிலில் படுத்தால் எனக்கு ஒன்றரை மணி நேரம் போய்விடும். எழுந்தாலும் தலை கனக்கும், சாயந்திரம் வரை கத்தரிக்கோல் பிடிக்கப் பிடிக்காது. நாற்காலியில் சாய்ந்தாலோ கழுத்து இழுக்கும், கை தானாகப் போனைத் தேடும். பாய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மிஷினுக்கும் கட்டிங் டேபிளுக்கும் இடையில் சரியாக விரிகிறது. தரை கெட்டியாக இருப்பதால் முதுகு ஒரேயடியாக நீள்கிறது; அதே கெட்டி, அரை மணி நேரத்துக்கு மேல் தூங்கவும் விடுவதில்லை. சித்திரை வெயிலில்தான் இதன் அருமை முழுதாகத் தெரியும். முன்பு வைத்திருந்த பிளாஸ்டிக் பாயில் வியர்வை முதுகோடு ஒட்டி, எழும்போது பாயும் சேர்ந்தே வரும். கோரை அந்த ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. முதல் நிமிஷம் தோள்பட்டையில் படுகிற அந்தச் சில்லிப்புக்காகவே கொடுத்த காசு தகும்.

இன்னொரு நன்மை நான் எதிர்பார்க்காதது. கதவைப் பாதி சாத்தி, பாய் விரித்திருப்பது வெளியே தெரிந்தால், தெருவில் யாரும் கூப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண், துணி கொடுக்க வந்தவர்களிடம், "அக்கா பாய் விரிச்சிருக்காங்க, மூணு மணிக்கு வாங்க" என்று அவளே சொல்லி அனுப்பிவிடுகிறாள். ஓய்வு நேரம் என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தால்கூட இந்த மரியாதை கிடைத்திருக்காது. வீட்டில் இருந்து வேலை செய்கிற பெண்கள் எல்லாருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நம்மைப் பார்த்தால் எப்போதும் சும்மா இருப்பதாகத்தான் ஜனங்களுக்குத் தோன்றும். பாய் விரித்தால் மட்டும் புரிந்துகொள்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் இடுப்பெலும்பு உறுத்தும். மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று மேலே போட்டால் சரியாகிவிடும். ஒருக்களித்துப் படுத்தால் கன்னத்தில் வரி விழும். மூட்டுவலிக்காரர்களுக்குக் கீழே உட்கார்ந்து எழுவதே பெரிய வேலை. என் அத்தைக்குக் கோடையில் கட்டில் மெத்தைமேல் இதே மாதிரிப் பாயை விரித்துக் கொடுக்கிறேன், சூடு தெரியாமல் தூங்குகிறார். பெரிய தொல்லை ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்து வாடை வரும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்திவிட்டு, சுருட்டி மூலையில் நிறுத்தி வைக்க வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பில் கோரை ஒடியும்.

ஓரத் துணி பற்றி ஒரு தையல்காரியாகக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் பாயில் வந்த ஓரம் மெல்லிசு, சீக்கிரமே நைந்துவிட்டது. பிரித்து, காடாத் துணியில் இரண்டு அங்குலப் பட்டி வெட்டி, 18ஆம் நம்பர் ஊசி போட்டு அடித்தேன். தையலைப் பெரிதாக வைக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்து, அந்தக் கோட்டிலேயே கோரை அறுந்துபோகும். மிஷின் இல்லாதவர்கள் பக்கத்துக் கடையில் கொடுங்கள், இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

வாங்கப் போகும்போது பாயை முழுதாக விரித்துக் காட்டச் சொல்லுங்கள், சுருட்டியபடியே வாங்கி வராதீர்கள். நடுவில் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள்; எங்காவது குத்தினால் வேறு எடுங்கள். மூக்கருகே வைத்தால் காய்ந்த புல் மணம் வர வேண்டும், ஈர வாடை வந்தால் வேண்டாம். பட்டுப்பாயைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள், அழகில் மயங்கிவிடுவோம். "தினமும் படுக்கிறதுக்கு" என்று சொன்னால் உள்ளே இருந்து சரியான ரகத்தை எடுத்து வருவார்கள்.